ஆள் இல்லாத இங்கிலீஷ்

சாணார்பட்டிப் பக்கமுள்ள அந்த நூற்பாலையில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் புவனேஸ்வரி ஒருத்திதான். மற்றவர்களுக்கும் கொஞ்சம் தெரியும். வெளிநாட்டுக்காரர் முன்னால் நின்றால் மறந்துவிடும். பஞ்சுப் பிரிவில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவளை, பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்று தெரிந்ததும் ஆபீசில் கொண்டுவந்து உட்கார வைத்தவர் மேனேஜர் பெருமாள்சாமி. இருவருக்கும் ஊர் ஆத்தூர். ஊரில் அண்ணே, மில்லுக்குள் சார்.

மில்லுக்கு எந்த இங்கிலீஷ் வேண்டும் என்பதை அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் செயப்பாட்டு வினைக்கு ராஜாவும் மாங்காயும்தான் உதாரணம்: மாங்காய் ராஜாவால் தின்னப்பட்டது. மில்லில் அந்த ராஜாவை வெட்டிவிட வேண்டும். மாங்காய் தின்னப்பட்டது, அவ்வளவுதான். சரக்கு தாமதமாக அனுப்பப்பட்டது. சாயத் தண்ணீர் சுத்தம் செய்யப்படுகிறது. தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. யார் அனுப்பியது, யார் அளிப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. அவளுடைய இங்கிலீஷில் அந்த மில் ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம புவனா எழுதுனா ஒரு பய மாட்ட மாட்டான்" என்று பெருமாள்சாமி எல்லோரிடமும் சொல்வார். அவளும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். படிப்புக்கு மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆயுத பூஜை கழிந்த மறு வாரம் பஞ்சுப் பிரிவுத் தொழிலாளி ராமுத்தாயின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் பெல்ட்டும் சக்கரமும் சுற்றும் இடத்துக்கு ஒரு தகர மூடி உண்டு. அதற்குள் பஞ்சுத் தூசி அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ய மெஷினை நிறுத்த வேண்டும், மூடியைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும், உற்பத்தி குறையும். அதனால் எல்லா மூடியையும் கழற்றி ஸ்டோரில் போடச் சொல்லியிருந்தார் பெருமாள்சாமி. ஓடும்போதே பெண்கள் குச்சியால் தூசியைத் தள்ளினார்கள். குச்சி சிக்கியது, கூடவே கையும் உள்ளே போனது.

அந்த அறிக்கையையும் புவனேஸ்வரிதான் எழுதினாள். பாதுகாப்பு விதி பின்பற்றப்படவில்லை. ஓடும் இயந்திரத்தில் கை வைக்கப்பட்டது. கடைசியில் விரல் போனவள் தலையிலேயே குற்றமும் விழுந்தது. அதைக் காட்டி, இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்றார்கள். ராமுத்தாய் தினமும் வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். "எடது கையால செய்யிற வேல எதாச்சும் குடுங்கய்யா" என்பதுதான் அவள் கேட்டது. மில் பஸ் உள்ளே நுழையும்போது புவனேஸ்வரி எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. வெட்கப்பட்டுக்கொண்டே சம்பளமும் வாங்கினாள்.

இந்த நிலையில்தான் நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஹெல்கா என்ற அம்மாள் மில்லைப் பார்க்க வந்தாள். அன்று காலையிலேயே ஸ்டோரிலிருந்த மூடிகளைத் துடைத்து மெஷின்களில் மாட்டிவிட்டார்கள். பெருமாள்சாமி புதுச்சட்டை போட்டிருந்தார். புவனேஸ்வரி விருந்தாளியோடு நடந்தபடி வழக்கமான பாட்டைப் பாடினாள். இயந்திரங்கள் நிறுத்தப்பட்ட பிறகே சுத்தம் செய்யப்படுகின்றன. மூடிகள் ஒருபோதும் கழற்றப்படுவதில்லை.

ஹெல்கா தலையாட்டிக்கொண்டே வந்தவள் ஒரு கார்டிங் மெஷின் முன்னால் நின்றாள். காய்ந்து வெளிறிய சந்தனப் பொட்டையும் அதன் நடுவிலிருந்த குங்குமத்தையும் காட்டி, இது என்ன என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புவனேஸ்வரிக்கு உற்சாகமே வந்துவிட்டது. ஆயுத பூஜையைச் சொன்னாள். வருஷம் முழுக்க நமக்காக உழைக்கிற எல்லாவற்றுக்கும் அன்று பொட்டு வைப்போம். மெஷினில் ஒரு பாகம் விடமாட்டோம். ஸ்பானர், கத்தரிக்கோல், வாட்ச்மேன் டார்ச் லைட் வரைக்கும் உண்டு. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததே நான்தான் என்றாள்.

ஹெல்கா குனிந்தாள். மெஷினின் கதவில் பொட்டு. சுவிட்சுப் பெட்டியில் பொட்டு. பெல்ட் மூடி மட்டும் நெற்றி வெறுமையாக நின்றது. அடுத்த மெஷினுக்குப் போனாள். அதற்கடுத்த மெஷினுக்கும் போனாள். வரிசை முழுக்க அப்படித்தான்.

"இதற்கு மட்டும் ஏன் இல்லை?"

அப்போதுதான் புவனேஸ்வரிக்கு உறைத்தது: பூஜையன்று மூடிகள் ஸ்டோரில் கிடந்தன. மூடியைத் துடைத்து மாட்ட நினைவிருந்தவர்களுக்குப் பொட்டு வைக்கத் தோன்றவில்லை. கண்ணுக்குப் பழகிய சந்தனம் யாருக்கும் தெரியவில்லை; ஊருக்குப் புதிதாக வந்தவளுக்குத்தான் தெரிந்தது.

"துடைக்கப்பட்டது" என்றாள்.

"மூடி மட்டுமா?"

பெருமாள்சாமிக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும் விரல் எங்கே நீள்கிறது என்று புரிந்தது. "என்னம்மா கேக்குறாக?" என்றார், சிரித்த முகத்தை மாற்றாமல்.

"மூடியில பொட்டு எங்கன்னு கேக்குறாங்க சார்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஹெல்கா காத்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே கையில் கட்டோடு ஒரு பெண் இருந்தாளே, அவளைக் கூப்பிடுங்கள் என்றாள்.

ஆபீஸ் அறைக்கு ராமுத்தாய் வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவளுக்கும் ஹெல்காவுக்கும் நடுவில் புவனேஸ்வரி. பின்னால், மூச்சு விடுவது கேட்கும் தூரத்தில் பெருமாள்சாமி.

எப்படி அடிபட்டது என்று ஹெல்கா கேட்க, புவனேஸ்வரி அதைத் தமிழில் கேட்டாள்.

"மூடி இல்லத்தா. பெருமாள்சாமி சார்தான் கழட்டச் சொன்னாரு. அதான் கைய இழுத்துருச்சு. ஒனக்குத் தெரியாதா, நீயும் அங்கன வேல பாத்தவதான?"

"பாத்துச் சொல்லும்மா" என்றார் பெருமாள்சாமி, மெதுவாக. அதட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆபீசில் உட்கார வைத்த மனுஷன் கெஞ்சுகிறார்.

புவனேஸ்வரி ஹெல்காவிடம் திரும்பினாள். வாய் பழக்கத்துக்குப் போனது.

"த கார்டு வாஸ் ரிமூவ்டு" என்றாள். மூடி கழற்றப்பட்டிருந்தது.

ஹெல்கா எழுதப்போன கையை நிறுத்தினாள். பெருமாள்சாமியின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு புவனேஸ்வரியிடம் திரும்பினாள்.

"அவள் சொன்னதில் இந்தப் பெயர் வந்தது. நீ சொன்னதில் வரவில்லையே?"

ராமுத்தாய் புவனேஸ்வரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் தன் பிழைப்பு இப்போது அந்த வாயில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு வாக்கியம் தப்பினால் இன்று சாயங்காலமும் அவள் கேட்டுக்கு வெளியேதான்.

புவனேஸ்வரிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த அறிக்கையில் எழுதியது பொய்கூட இல்லை, செய்தவர் பெயரை மட்டும் விட்டிருந்தாள். அதுதான் அவளைச் சுட்டது.

"பெருமாள்சாமி மூடியைக் கழற்றச் சொன்னார்" என்றாள் இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக. "இந்தப் பெண்மேல் தப்பு இல்லை. தப்பு அவள்மேல் என்று எழுதியவள் நான்."

ஹெல்கா அதை எழுதி முடித்தாள். ராமுத்தாய்க்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்த பிறகுதான் அடுத்த ஆர்டர் பற்றிப் பேச முடியும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் காருக்குப் போனாள். ராமுத்தாய் நல்ல கையால் புவனேஸ்வரியின் முழங்கையைத் தொட்டாள். "என்னத்தா சொன்ன?" என்று கேட்டாள். "நீங்க சொன்னதத்தான்க்கா" என்றாள் இவள்.

சாயங்காலம் முதலாளி போனில் கத்தியது வராந்தா வரை கேட்டது. செத்த நேரம் கழித்துப் பெருமாள்சாமி கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஒன்னய நிப்பாட்டச் சொல்றாக. லெட்டரு இங்கிலீஷ்ல வேணுமாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்க வேற யாருக்குத் தெரியுது... நீயே அடிச்சுக் கொண்டா."

ஒருத்தியின் கழுத்துக்குக் கயிறு திரிக்கிற வேலையை அவளிடமே கொடுக்கிற துணிச்சல் மேனேஜர்களுக்கு மட்டும்தான் வரும். புவனேஸ்வரி அழுதாள், முகம் கழுவினாள், உட்கார்ந்து அடித்தாள். பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தாள். பெருமாள்சாமி தன் பெயரை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா எழுதிருக்க?" என்றார்.

அவள் தமிழில் வாசித்துக் காட்டினாள். "பெருமாள்சாமி ஆகிய நான், உண்மையைச் சொன்னதற்காகப் புவனேஸ்வரியை இன்று வேலையிலிருந்து நீக்குகிறேன்."

"எம் பேரு எதுக்கு இதுல?"

"நீங்கதானண்ணே நீக்குறது."

மில்லுக்குள் முதல் முறையாக அண்ணே என்றாள். அவர் பேனாவைத் திறந்தார். காகிதத்தின் அடியில், கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் நுனியை வைத்தார். கை நகரவில்லை. மூடிவிட்டு, காகிதத்தை டிராயருக்குள் தள்ளினார்.

"நாளைக்கு வா, பாப்பம்" என்றார்.

மறுநாள் வந்தாள். ராமுத்தாயும் வந்து, நூல் கோன்களுக்குச் சீட்டு ஒட்டும் அறையில் உட்கார்ந்தாள். முதலாளி இன்னும் அந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பெருமாள்சாமி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.