ராணியை ஏற்றிச் சென்ற டாக்டர்

தெர்மாகோல் கிரீடம் நெற்றியில் உரசிக்கொண்டே இருந்தது. ஜனவரிப் பனி. டிராக்டரின் டீசல் புகையும் எங்கள் தலையில் இருந்த மல்லிகையும் கலந்து ஒரு விநோதமான வாசனை... குடியரசு தினம் என்றால் இன்றும் எனக்கு அந்த வாசனைதான் முதலில் வருகிறது.

திருவண்ணாமலையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மாவட்ட அணிவகுப்பில் எங்களுக்கும் ஒரு அலங்கார ஊர்தி கிடைத்தது. தலைப்பு, 'சாதனைப் பெண்கள்'. வரலாற்றுத் துறை மேடம் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். நான், வெள்ளைக்காரனை எதிர்த்து வாளெடுத்த ராணி. வீணையோடு ஒருத்தி, விமானியாக ஒருத்தி, ஓட்டப்பந்தய வீராங்கனை, விண்வெளிக்குப் போனவள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து படித்த என் தோழி மலர்விழிக்கு டாக்டர் வேடம். பெண்கள் தெருவுக்கு வரவே யோசித்த காலத்தில் கடல் தாண்டிப் போய் மருத்துவம் படித்தவர். முழுக்கை ரவிக்கை, பருத்திப் புடவை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். உட்கார ஒரு மர நாற்காலி.

பொங்கல் விடுமுறையைக்கூட விட்டுவிட்டு வேலை செய்தோம். அட்டையில் கோட்டை வெட்டினோம். விண்வெளி உடைக்கு ஜிகினாத் தாள் ஒட்டி ஒட்டி விரல்களில் தோல் உரிந்தது. மேடம் தினமும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் சொல்வார். "வெறும் டிரஸ் போட்டுட்டு நிக்காதீங்க. யாரா நிக்கிறோம்னு தெரிஞ்சி நில்லுங்க" என்பார்.

அன்று காலை வேங்கிக்கால் பக்கம், மைதானத்துக்கு வெளியே ஊர்திகள் வரிசையாக நின்றன. மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. எங்கள் டிராக்டர் டிரைவர் அண்ணன் டீ குடிக்கலாம் என்று கீழே குதித்தார். படி பனியில் நனைந்திருந்தது. வழுக்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கணுக்கால் கண்ணெதிரிலேயே வீங்கியது.

"கிளட்ச மிதிக்க முடியலமா" என்றார் மேடத்திடம். அவர் கண்ணில் தண்ணீர். வலியா, வெட்கமா, தெரியவில்லை.

ஊர்திகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர் விசிலோடு வந்தார். "டிரைவர் இல்லன்னா ஓரங்கட்டிடுங்க மேடம். பின்னாடி வண்டிங்க நிக்குது."

மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் முன்வரவில்லை. விமானி அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து மலர் எழுந்தாள். "நான் ஓட்டுறேன் மேடம்."

"யம்மா, இது கிரவுண்டு. கூட்டம் ஜாஸ்தி. விளையாட்டு இல்ல" என்றார் விசில்காரர்.

"எங்க ஊர்லருந்து மல்லாட்ட மூட்டைய ஏத்தினு மார்க்கெட் கமிட்டிக்கு நான்தாங்க ஓட்டினு வரேன். மூட்டைங்கள விட இவங்க வெயிட்டு கம்மிதான்." எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

"லைசென்ஸ்?" என்றார் மேடம்.

"பர்ஸ்ல இருக்குது மேடம்."

வாங்கிப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். இன்று நினைத்தால், அந்த ஒரு நிமிடத்தில் அவர் எவ்வளவு பெரிய முடிவை எடுத்தார் என்று புரிகிறது. ஏதாவது ஆகியிருந்தால் அவர் வேலையே போயிருக்கும்.

"மெதுவா போ. எனக்கு எல்லாரும் முழுசா வேணும்" என்றார்.

மலர் செருப்பைக் கழற்றிப் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. நான் வாளை விட்டுவிட்டுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மைதானத்து நுழைவாயிலில் குறுகலான திருப்பம். டிரெய்லர் மூங்கில் தடுப்பில் இடிக்கப் போனது. விசில்காரர் ஏதோ கத்தினார். மலர் பிரேக் போட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்தாள். டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மறுபடி முன்னால் வந்தபோது தடுப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. விசில் சத்தம் நின்றுவிட்டது.

மேடைக்கு முன்னால் வந்தோம். மைக்கில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ராணி... நான் வாளைத் தூக்கினேன். வீணை... விமானி...

"அடுத்து, கடல் கடந்து சென்று மருத்துவம் பயின்ற பெண்மணி."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். காலி. மைக்கில் இருந்தவரும் தயங்கினார்.

டிராக்டர் ஹாரன் நீளமாக அடித்தது. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி, மலர் இன்னொரு கையை உயர்த்தினாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஆடிக்கொண்டிருந்தது. மைதானமே சிரித்துக் கைதட்டியது. மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

மறுநாள் பேப்பரில் எங்கள் படம் வந்திருந்தது. கோட்டை, நான், வீணை, எல்லோரும் பளிச்சென்று இருந்தோம். நடுவில் அந்தக் காலி நாற்காலியும். டிராக்டரின் முன்பக்கம் மட்டும் படத்தில் இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மலர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "வண்டி ஓடினு இருக்குதுல்ல... யாரோ ஓட்டினாதான ஓடும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அப்போது எங்கள் யாரிடமும் கேமரா கிடையாது. அந்த நாளுக்கென்று இருப்பது அந்தப் பேப்பர் படம் ஒன்றுதான். இப்போது என் மகள் பள்ளியில் மகளிர் தினம் என்றால், ராணி உடை போனில் ஆர்டர் செய்த இரண்டாம் நாள் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மேடை ஏறி இறங்குவதற்குள் நூறு படம். பசையும் இல்லை, விரல் தோலும் உரிவதில்லை. நல்லதுதான். ஆனால் ஆறு பேர் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்து ஜிகினா ஒட்டும்போது பேசிய பேச்சுக்கு இப்போது எங்கே போவது... விமானி பெங்களூரில் இருக்கிறாளாம். வீணை எங்கே என்றே தெரியவில்லை.

மலர் இருக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக அறுவடை மெஷின் வைத்திருக்கிறாள். அவளே ஓட்டுகிறாள். போன தை மாதம் மகளை அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வயலில் மெஷின் மேல் இருந்தாள். ஒரு படம் எடுக்கட்டுமா என்று போனைத் தூக்கினேன்.

"இரு, மூஞ்ச தொடச்சிக்கிறேன்" என்றாள். துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன மட்டும் எடுக்காத. மெஷினும் முழுசா வரணும்."

பின்னால் நகர்ந்து வரப்பில் ஏறி நின்று எடுத்தேன்.