உயரமான கன்று

மலேசியாவின் காஹாங்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில், உதவாத கன்றுகளை வெட்டிப்போடுவது அந்த அம்மாளின் வேலை. ஒல்லியான உடம்பு, கையில் பாராங் கத்தி. வெட்டுமுன் ஒவ்வொரு குருத்தையும் தடவிப் பார்ப்பார்.

இருப்பதிலேயே உயரமான கன்று ஒரே வெட்டில் சாய்ந்தது.

“ஐயோ அக்கா, நல்லா வளந்ததாச்சே!” என்றேன்.

“இது காய்க்காது தம்பி. சும்மா வளந்து பக்கத்துக் கன்னோட வெயிலத் திங்கும். சந்தேகம்னா அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் அடிச்சு ஒரு மாசம் பாப்பேன். தேறலன்னா வெட்டிருவேன்லா.”

நான் ஸ்கூடாயில் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். நம் செல்லுக்குள்ளும் உங்களைப் போலவே பி53 என்றொரு புரதம் உண்டு என்றேன். பழுதான செல்லின் வளர்ச்சியை நிறுத்தும். பழுதைச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். சரியாகாவிட்டால் சாகச் சொல்லும்.

“அதுவே கெட்டுப்போச்சுன்னா?”

“வெட்ட ஆளில்லக்கா. செல்லு அதுபாட்டுக்கு வளரும். பல புற்றுநோய் அப்படித்தான் வருது.”

அவர் குனிந்து, விழுந்துகிடந்த அதே கன்றை மறுபடி வெட்டினார். மறுபடியும், மறுபடியும். தண்டு நார்நாராகி, கன்று இருந்த பிளாஸ்டிக் பை கிழிந்து, மண் என் முகத்தில் தெறித்தது.

“உள்ள இருந்து வெட்ட வேண்டியவன் வேல செய்யாம கெடந்தானா, பாவி!” என்று கத்தினார்.

யாருடைய உடம்பில் அந்தப் புரதம் கெட்டது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.