இரண்டு நோன்புகள் முறிந்த மாலை

சில வருடங்களுக்கு முன், ஒரு ரமலான் மாதத்துப் பிற்பகல். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் துணிக்கடையில் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். மகன் தங்கிப் படிக்கும் இஸ்லாமியப் பள்ளியிலிருந்து போன் வந்தது. "பயப்படண்ட உம்மா. மோனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கோம். வேகம் வாங்க" என்றார் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரான உஸ்தாத்.

பயப்பட வேண்டாம் என்று சொன்னால்தான் பயமே வருகிறது. என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. அவனை விடுதியில் சேர்க்க எனக்கு மனமே இல்லை. என் கணவர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய மதரஸாவில் தங்கி ஓதியவர். "ஒரே சஹன்ல நாலு பேரு சாப்பிடுவோம். மனுசன்கூட எப்படிப் பழகணும்னு அந்தத் தட்டுலதான் படிச்சேன்" என்பார். அங்கே வாங்கிய பிரம்படியையும் அவர் மறந்ததில்லை. இந்தப் பள்ளி புதுமாதிரி. கம்ப்யூட்டர், லேப், நர்ஸ் எல்லாம் உண்டு. அக்லாக் என்று நல்லொழுக்கத்துக்குத் தனிப் பீரியடே உண்டு. சாப்பாடு மட்டும் பழையபடி சஹன்தான். டாக்டர் நோன்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ரமலானில் மகனுக்கு மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் விட்டிருந்தேன்.

ஆட்டோவில் "நான் அப்பவே சொன்னேனே" என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

போய்ப் பார்த்தால், மகன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கிடைத்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை உஸ்தாத் சொன்னார். எல்லோரும் நோன்பிருக்க, தான் மட்டும் சாப்பிடுவது அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அன்று காலை ஊசியைப் போட்டுக்கொண்டான். மதியம், ரூமில் சாப்பிடுகிறேன் என்று டிபன் பாத்திரத்தை வாங்கிப்போய்க் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். பிற்பகல் அஸர் தொழுகைக்கு இவனைக் காணாமல் பக்கத்துக் கட்டில் பையன் தேடி வந்திருக்கிறான். கல்லாறு பக்கத்துக்காரன். என் மகன் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, ஏதோ உளறிக்கொண்டிருக்கிறான். கட்டிலுக்கடியில் மூடி திறக்காத பாத்திரம். சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அறை நண்பர்களுக்கெல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பையன் உடனே சர்க்கரைத் தண்ணீர் கலக்கி நீட்டினான். இவனோ "எனக்கு நோம்பு" என்று தட்டித் தட்டிவிட்டான்.

அப்போது அந்தப் பையன் டம்ளரைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டான். "பாருடா, என்றெ நோம்பும் போச்சு. இனி ரெண்டு பேருக்கும் இல்ல. குடி!"

என் மகன் குடித்தான். அதற்குப் பிறகுதான் அந்தப் பையன் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறான்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். நோன்பை முறித்துவிட்டேனே என்று அழுது கண் சிவந்திருந்தது. என் கணவர் பதறிப்போய், "அவனை அடிச்சிராதீங்க உஸ்தாத்" என்றார்.

உஸ்தாத் சிரித்துவிட்டார். "உயிரல்லே பெருசு? பெருநாள் கழிஞ்சு அந்த ஒரு நோம்பைப் பிடிச்சா மதி. ஒரு காரியம் கேளுங்க, அக்லாக் பரீட்சையில இவனுக்கு மார்க் ரொம்பக் கொறவு!" அழுதுகொண்டிருந்த பையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. உஸ்தாத் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்தப் பையன் மட்டும் கை நீட்டவில்லை. நோன்பில்லாதவனுக்கு எதற்கு என்று நினைத்தானோ என்னவோ. நான் பிஸ்மில்லாஹ் சொல்லி, முதல் பழத்தை அவன் வாயில்தான் வைத்தேன்.

மகனை வீட்டோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்று ஆட்டோவில் முடிவு செய்திருந்தேன். ஆனால் அவன் உடம்பு தேறியதும் நானேதான் விடுதியில் கொண்டுபோய் விட்டேன். என் கண்ணெதிரே இருந்தால்தான் பிள்ளை பத்திரம் என்று நம்பியிருந்த எனக்கு, அவன் தூரத்தில் இருக்கும்போதும் நிம்மதியாகத் தூக்கம் வருவது அன்றிலிருந்துதான்.