பஸ்ஸில் வந்த பேரிடர் மேலாண்மை

“சேர், பேரிடர் மேலாண்மை எண்டா என்ன?”

இன்று அக்கரைப்பற்று பஸ்ஸில் என் பழைய மாணவி ஸரீனா கேட்டாள். கல்முனைப் பிரதேச செயலகக் கந்தோரில் எழுதுவினைஞர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நம் இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சை. கையிலோ இந்திய சிவில் சேவைத் தேர்வுக்கான நடப்பு விவகாரச் சொற்கள் புத்தகம்.

“நம்மட நாட்டில அதுக்கு அனர்த்த முகாமைத்துவம்,” என்றேன்.

“அல்லாஹ், நான் வேலை செய்ற பிரிவுதானே அது. மேல இருந்து ஆள்றதாக்கும் எண்டு எழுதப் பார்த்தன்.”

“அதுவும் பிழையில்ல. சுனாமி முகாமில படுக்கப் பாய் கேட்ட உங்கட உம்மாவுக்கு என்ன தந்தாங்க?”

“கம்பளிச் சட்டை, சேர்.”

“அப்ப உங்கட விளக்கம் சரி. பரீட்சையில மட்டும் எழுதிப்போடாதங்க, மகள்.”

நண்பர்களே, உங்கள் கந்தோரின் பெயர்ப்பலகையை வீட்டுத் தமிழில் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். விளங்கினால் கீழே எழுதுங்கள்.