முன்கால் உயர்ந்த கதிரை

கொடகவெலப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய பங்களாவில் எனக்குத் தச்சு வேலை. தச்சனை இங்கே 'பாஸ்' என்பார்கள். இப்போது அது ஹோட்டல். திறப்புக்கு முதல் நாள் லொறியில் பன்னிரண்டு புதுக் கதிரைகள் வந்து இறங்கின. தலைவலியும் கூடவே இறங்கியது.

மொறட்டுவைத் தச்சுப் பட்டறைக்கு மாதிரியாகப் போனது வெளி விறாந்தையான இஸ்தோப்பில் கிடந்த பழைய கதிரை. வெள்ளைக்காரத் துரைமார் போகிற காலத்தில் செய்தது. மற்றதெல்லாம் கறையான் தின்று மிஞ்சியது அது ஒன்றுதான். மழைத் தண்ணீர் வடிய இஸ்தோப்புத் தரை வெளிப்பக்கம் சரிவு. அதனால் அந்தக் கதிரைக்கு முன்கால் பின்காலை விட இரண்டு விரல் உயரம். அனுப்பும்போதே மெனேஜரிடம் சொன்னேன்.

"சேர், இது இஸ்தோப்புக்குன்னு செஞ்ச கதிர. சாப்பாட்டு ஹாலுக்கு ஆகாதுங்க."

"பாஸ், ஒரிஜினல்ல கை வைக்காதீங்க. மொறட்டுவைக்குச் சொல்லியாச்சு. சேம் டு சேம்."

மொறட்டுவை பாஸ் கெட்டிக்காரர். பாலிஷ் என்னுடையதை விட நல்லது. ஆனால் பழையது நெதுன் என்ற வைரம் பாய்ந்த நாட்டு மரம், புதியது சாயம் பூசிய மஹோகனி. பழையதில் மூட்டுக்கு மர ஆணி. புதியதில் ஸ்குரூ. அதன் தலையை மரத்தூளும் பசையும் வைத்து மூடியிருக்கிறது. பழையதில் பிரம்பைத் துளை துளையாகக் கோத்துப் பின்னியது. புதியதில் மெஷின் பின்னிய பாயை வெட்டி ஒட்டியது. இன்றைக்கு உட்கார்ந்தால் தெரியாது. நாலு மழைக்காலம் போனால் தெரியும்.

முன்கால் மட்டும் அச்சு மாறாமல் இரண்டு விரல் உயரம்.

ஹாலில் போட்டோம். மெனேஜர் உட்கார்ந்தார். முகம் கூரையைப் பார்த்தது. குசினியில் சமைக்கும் ராசம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சோறு திங்கவா சேர், சவரம் பண்ணவா?"

மெனேஜர் மொறட்டுவைக்குப் போன் போட்டார். "மாத்தயா தானே சேம் டு சேம் கிவ்வே!" என்றார் அந்த பாஸ் சிங்களத்தில். நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்று. மெனேஜர் போனை வைத்துவிட்டு என் கைவாளைக் காட்டினார்.

மறுநாள் முதலாளி குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டுக்கும் முன்காலை வெட்டி மட்டம் பார்த்தேன். மெனேஜர் மாதிரிக்குப் போய்த் திரும்பிய பழையதையும் இழுத்து வந்தார்.

"இதையும் வெட்டுங்க பாஸ். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்."

கைவாளைக் கீழே வைத்தேன்.

"நான் வெட்ட மாட்டேங்க. வேற ஆளப் பாருங்க."

"அப்ப இத எங்க போடுறது?"

"அது இருந்த எடத்துல."

முணுமுணுத்துக்கொண்டே இஸ்தோப்பில் கொண்டுபோய்ப் போட்டார்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. முதலாளி வெளியே வந்து பழைய கதிரையில் உட்கார்ந்தார். எழும்பவே இல்லை.

"இது நல்லா இருக்கே. இங்க போட இதே மாதிரி ஆறு செய்ங்க. இத மட்டும் நகத்தாதீங்க."

நான் பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் மொறட்டுவைக்குப் போக லொறி ஸ்டார்ட்டில். மாதிரிக்கு ஏற்றியிருந்தது ஹால் கதிரை. நான் கால் வெட்டியது.

"சேர், அது ஹாலுக்கு வெட்டுனதுங்க! இஸ்தோப்புல போட்டா ஆள் முன்னால சரிஞ்சிருவான்!"

"பெரியவர் எழும்பினாத்தானே பாஸ் பழச ஏத்தலாம்? எல்லாம் ஒன்னுதான். சேம் டு சேம்னு சொல்லியாச்சு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கதிரையை அளக்கும் முன் அது நின்ற தரையை அளந்து பாருங்கள்.

அடுத்த கிழமை அந்த ஆறும் வருகின்றன. உயர்ந்த காலென்றால் வெட்டிவிடலாம். குட்டைக் காலுக்கு நான் என்ன செய்ய?