ஆட்டம் தெரியும், ஆளைத் தெரியாது

கிளெமென்ற் மாஸ்டருக்காக இருளப்பன் பதினான்கு வருடம் காத்திருந்தார். தேடிப் போகவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நல்ல பந்தாட்டக்காரப் பொடியன்களை உருவாக்கிக்கொண்டிருந்தால், ஒருநாள் மனுசன் தானாக வந்து நிற்பார் என்று அவருக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் இருளப்பனுக்குப் பதினேழு வயது. இடதுகாலால் கோடு போட்டாற்போல் பந்து கொண்டுபோவார். பெரிய கொலிஜ் ஒன்றின் கோச் கிளெமென்ற் அவரைக் கூப்பிட்டு இடம் தருவதாகச் சொன்னார்.

"கால் எல்லாருக்கும் இருக்கு மகன். நான் குணம் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறது."

கொலிஜில் சேர இருந்த வாரம், வெள்ளவத்தை லொட்ஜில் சித்தப்பாவைப் பார்க்கப் போன இடத்தில் ரவுண்டப். சுற்றிவளைத்த பொலிஸ் அவரையும் பிடித்துக்கொண்டு போனது. தெரிந்தவர் ஒருவர் வந்து பொறுப்புச் சொன்னால் விடலாம் என்றார்கள். இருளப்பன் மாஸ்டரின் பெயரைக் கொடுத்தார். மாஸ்டரும் வந்தார். இந்தப் பொடியனைத் தெரியுமா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மாஸ்டர் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தபடி சிங்களத்திலேயே சொன்னார்: "ஆட்டம் தெரியும். ஆளைத் தெரியாது."

அன்றிரவு இருளப்பனின் வலது முட்டியை உடைத்தார்கள். வெளியே வந்தபோது கொலிஜில் அவருடைய இடத்தில் வேறொருவன் இருந்தான். கொச்சிக்கடையில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை கிடைத்தது. மழை நாட்களில் மகள் அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பாள். எப்படி நடந்தது என்று கேட்டால் ஒரு பெயரை மட்டும் சொல்வார்.

இரண்டாயிரத்து ஏழில் மாஸ்டர் மைதானத்துக்கு வந்தார். ஓய்வு பெறும் வருடம். கொலிஜ்களுக்கிடையிலான பந்தாட்டக் கேடயத்தை ஒருமுறையும் வென்றதில்லை. இருளப்பனிடம் ஆட்டம் பழகிய இடதுகாலன் தயாபரன் அவருக்கு வேண்டும். எந்தக் கொலிஜ் என்ற முடிவைத் தயாபரனின் தாய் மயிலம்மா இருளப்பனிடமே விட்டிருந்தாள்.

"நீ எங்களிட்ட இருந்தனி இல்லையா?" என்றார் மாஸ்டர்.

"இருக்க வந்தனான், சேர்."

"பொடியன்ட ஆட்டம் பார்த்தன். குணம் எப்பிடி?"

"குணத்தைப் பிறகு பாப்பம். இவனை ரவுண்டப்பில பிடிச்சா நீங்க வருவீங்களா?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அது பிரின்சிபலிட்டக் கேக்கோணும். காலம் அப்பிடி."

இதே கேள்வியை இருளப்பன் முந்தின கிழமை பொரளைப் பக்கத்துக் கொலிஜ் ஒன்றின் கோச் புவாத்திடமும் கேட்டிருந்தார். "எத்தின மணிக்கெண்டாலும் வருவன் அண்ணே," என்றான் அவன். "என்ட பைக்குக்கு லைட் இல்ல. நீங்க பின்னால இருந்து டோர்ச் புடிக்கணும்."

தயாபரன் எங்கே போவான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. மாஸ்டரிடம் மட்டும் இருளப்பன் அதைச் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றன் சேர்" என்றார். மாஸ்டர் திரும்பத் திரும்ப வந்தார். பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். மயிலம்மாவுக்கு ஒரு சாரி கொண்டுவந்தார். இருளப்பன் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தயாபரனை நம்பி மாஸ்டர் வேறு இடதுகாலனைத் தேடவில்லை. அதுதான் இருளப்பனுக்கு வேண்டியிருந்தது.

கேடயப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் மாஸ்டர் ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"என்ன முடிவு, இருளப்பன்?"

"அவன் புவாத்திட்டப் போய்ட்டான்."

"என்னை ஏன் இவ்வளவு நாளும் அலைய விட்டனி?"

"உங்கட ஆட்டம் தெரியும், சேர். ஆளையும் தெரியும்."

மாஸ்டருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

இறுதிப் போட்டியில் இரண்டு கொலிஜும் மோதின. தயாபரன் இடது பக்கத்தால் போய் அடித்த ஒரே கோலோடு ஆட்டம் முடிந்தது. அதன்பிறகு இருளப்பன் ஆட்டம் பார்க்கப் போகவே இல்லை.

அன்று விசில் ஊதியதும் அவர் மைதான வாசலில், ஒடுங்கிய நடையோரம், மகளோடு கதிரை போட்டு உட்கார்ந்தார். மற்றக் கேற் பூட்டியிருந்தது. அதைக் காலையிலேயே போய்ப் பார்த்து வைத்திருந்தார். வலது காலை நடைக்குக் குறுக்கே நீட்டினார்.

மாஸ்டர் வந்து நின்றார்.

"அப்பா, காலை எடுங்க," என்றாள் மகள்.

எடுக்கவில்லை. மடங்காத அந்தக் காலைக் கிளெமென்ற் மாஸ்டர் வேட்டியைத் தூக்குவதுபோலக் காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போனார்.