நாற்பது படியும் நாற்பது கிலோவும்

கருப்பர் துணை.

என் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்றாள் தங்கை. நல்லதும் எழுதுகிறேன். ஆனால் கோபத்தை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. பங்காளிகள் பொறுத்தாலும் சரி, பொறுக்காவிட்டாலும் சரி.

அண்ணன் பிறந்தது குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே எங்கள் ஊரில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் இரண்டாம் வகுப்போடு நின்று, கல்யாணச் சமையலில் பாத்திரம் கழுவப் போனார். பிறகு அவரே கரண்டி பிடித்தார். கட்டுமாவடி வரைக்கும் விசேஷங்களுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். என்னையும் தங்கையையும் கரையேற்றியது அந்த அடுப்புதான். எழுத்து அவருக்கு வராது. படி வரும். இத்தனை தலைக்கு இத்தனை படி என்று நின்ற இடத்திலேயே சொல்வார், தப்பியதில்லை.

குலசாமி கோவில் கும்பாபிஷேகப் பந்திக்கும் கூலி வாங்காமல் அவர்தான் சமைத்தார். அரிசி நாற்பது படி என்று அவர் சொல்ல, நான் சீட்டில் "அரிசி 40" என்று எழுதினேன். கடைக்குப் போனது மேலவீட்டுச் சித்தப்பா. விடிந்ததும் அரிசியை அளந்த அண்ணன், "தம்பி, இருபத்தேழு படிகூட இல்லையே" என்றார்.

"சீட்டுப்படி வாங்கியாச்சு. நீ ஒலையை ஏத்துப்பா" என்றார் சித்தப்பா.

மூன்றாம் பந்தியில் சோறு தீர்ந்தது. வந்த சனம் பசியோடு திரும்பியது. பங்காளிகளே, அன்றைக்கே கூட்டம் போட்டீர்கள். சீட்டில் நாற்பது, கடை பில்லிலும் வெறும் நாற்பது.

"மிச்சம் பதிமூணு படி எங்கிட்டுப்பா போச்சு? கருப்பரா தின்னாரு?" என்று சித்தப்பா கேட்க, நாலு பேர் சிரித்தீர்கள்.

"வந்ததைத்தான் பொங்குனேன் சித்தப்பா. கடையில போயி கேளுங்க."

"கடையில என்னத்தக் கேக்குறது? ஒன் மனசு சுத்தம்னா சூடத்தை அணை."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார் அண்ணன். அதற்குப் பிறகாவது நம்பினீர்களா? ஒரு வீட்டு விசேஷத்துக்கும் அவரைச் சமைக்கக் கூப்பிடவில்லை. சம்பந்தி வீட்டார் ஏதும் சொல்வார்களோ என்று பயந்து, என் மகள் கல்யாணத்துக்கு நானும் வெளியூர் ஆளைத்தான் வைத்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த அண்ணன், "உப்பு சரியா இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். அவர் கருமாதிக்குச் சமைக்க வந்தவர் கறம்பக்குடிக்காரர். என் சீட்டைப் பார்த்து, "அரிசி இருபதுன்னா படியா, கிலோவாங்க?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற சித்தப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானப்பா. கும்பாபிஷேகத்துக்கு நாப்பதுன்னு இருந்துச்சு, நாப்பது கிலோதான் போடச் சொன்னேன்" என்றார்.

சமையல்காரர் ஒரு படி அரிசியைத் தலைதட்டித் தராசில் வைத்தார். ஒன்றரைக் கிலோ காட்டியது. அப்படியானால் நாற்பது கிலோ எத்தனை படி? அண்ணன் சொன்னதுதான். இருபத்தேழு படிகூட இல்லை.

"விடுப்பா, தெரியாமப் போச்சு. போனவரு திரும்பியா வரப்போறாரு?" என்றார் சித்தப்பா.

விடமாட்டேன். தராசை வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நீங்கள் சூடத்தை வைத்தீர்கள்.

அண்ணன் கைக் கொப்புளத்துக்கு மருந்து போட்ட அண்ணிக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கும், அளந்து காட்டிய சமையல்காரருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் அண்ணன் பக்கம் நின்றவர்களுக்கும் நன்றி சொல்ல ஆசைதான். ஒருவரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

இன்று திதிப் பந்தி வாசலில் அண்ணனுடைய படியும், ஒரு தராசும், அரிசிச் சாக்கும் இருக்கும். சூடம் யாரும் அணைக்க வேண்டாம். அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு படி அளந்து, நிறுத்துப் பார்த்துவிட்டு இலையில் உட்காருங்கள். முதல் படியை நான் அளக்கிறேன். நாற்பதுக்குப் பக்கத்தில் 'படி' என்று எழுதாமல் விட்டது என் கைதான்.